இலையில் இழுத்த சூடு

லென்ஸம்மாவின் கடைக்குப் புதுச் செடி வாங்க வருகிறவர்களைவிட, வாங்கின செடியைச் சாகக் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவர்கள்தான் அதிகம். அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு குட்டிப் பூதக்கண்ணாடி எப்போதும் தொங்கும். அதனால்தான் அந்தப் பெயர். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும், என்ன பூச்சி, எத்தனை நாளாகக் குடியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். நாற்பத்தோரு வயது, தனிக்கட்டை. பூச்சியை நகத்தால் நசுக்கும்போது அவள் முகம் மலர்ந்துவிடும் என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். அவள் மறுத்ததில்லை.

மழை விட்ட ஒரு காலையில் முழுக்கைச் சட்டை போட்ட ஓர் அம்மாள் செய்தித்தாள் பொட்டலம் ஒன்றோடு வந்தாள். ஐம்பதைத் தாண்டியிருக்கும். பொட்டலத்துக்குள் குரோட்டன்ஸ் கிளை ஒன்று இருந்தது. கணுவுக்குக் கணு வெள்ளை வெள்ளையாகப் பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல இருந்தது.

மாவுப்பூச்சி என்று லென்ஸம்மா சொன்னாள். பூதக்கண்ணாடியை அவளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். பஞ்சுக்குள் இளஞ்சிவப்பு உடம்பு, சுற்றிலும் மயிர்போல இழைகள். சாறை உறிஞ்சிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீராகக் கழிக்கும், அதை நக்க எறும்பு வரும், எறும்பே அதைப் பக்கத்துச் செடிக்கும் தூக்கிக்கொண்டு போகும் என்று விளக்கினாள். எறும்பு என்றதும் அந்த அம்மாளின் கண்கள் ஒரு தரம் மூடித் திறந்தன.

லென்ஸம்மா ஒரு காதுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துப் பஞ்சின் மேல் வைத்தாள். வெள்ளை கரைந்தது. உள்ளே இருந்தது பழுப்பாகிச் சுருண்டது. "இப்படி ஒண்ணொண்ணாத் தொட்டுக் கொல்லணும். முதல்ல ஒரே ஒரு இலையில வச்சுப் பாருங்க, இலை தாங்குதான்னு. அப்புறம் சோப்புத் தண்ணியால கழுவுங்க. வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மாசம் விடாம செய்யணும்."

"ஒரு மாசமா? நாளைக்குள்ள எல்லாம் செத்துப்போற மாதிரி எதுவும் இல்லையா?"

"முட்டை இருக்கும்மா. இன்னிக்குக் கொன்னாலும் அடுத்த வாரம் குஞ்சு வரும்."

அந்த அம்மாள் காதுக்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குள் முடியாதா என்று மறுபடி கேட்டாள். வயலுக்கு அடிக்கிற மருந்து ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றாள். அதை வீட்டுக்குள் அடித்தால் பூச்சிக்கு முன்னால் நீங்கள் போய்விடுவீர்கள் என்று லென்ஸம்மா சொன்னாள். அதற்கு அவள் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்க்கிறவள்போல நின்றாள்.

பெயர் கேட்டபோது, வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள் என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் பாப்பா. எந்த வீடு என்று கேட்டபோது தெருக்கோடியிலிருந்த பச்சை கேட்டைச் சொன்னாள்.

அது டீச்சர் வீடு.

அந்த வட்டாரத்தில் டீச்சரிடம் அடி வாங்காமல் கணக்குப் படித்தவர்கள் யாரும் இல்லை. முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியவர். மர ஸ்கேலைத் திருப்பி, விளிம்பால் விரல் முட்டியில் அடிப்பார். வங்கி மேனேஜர் ஒருவர் எந்த மேடை ஏறினாலும் அந்த அடி இல்லாவிட்டால் தான் இந்த நாற்காலியில் இல்லை என்று கண் கலங்கப் பேசுவார். லென்ஸம்மாவுக்கும் ஆறாம் வகுப்பில் கிடைத்தது. இடது மோதிர விரல் அன்றைக்கு வீங்கி, பிறகு கோணலாகவே நின்றுவிட்டது. அவள் அதை யாரிடமும் பெருமையாகவும் சொன்னதில்லை, குறையாகவும் சொன்னதில்லை.

ஐந்து நாள் கழித்துப் பாப்பா மறுபடி வந்தாள். இந்தத் தடவை ஒரு ரப்பர் செடி இலை. நடுவில் காய்ந்து கருகிய ஒரு தழும்பு இருந்தது. ஒரு பக்கம் கூராக, இரண்டு பக்கமும் வளைந்து அகன்று, ஓரம் கத்தி வைத்து வெட்டியதுபோலத் தெளிவாக இருந்தது.

"இது என்ன பூச்சிம்மா?"

லென்ஸம்மா பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை. கடித்த தடம் கிடையாது, எச்சம் கிடையாது, நூல் கிடையாது. எந்தப் பூச்சியும் இப்படி அளந்து தின்னாது. அது அயர்ன் பாக்ஸின் மூக்கு. சூடு ஏறிய பெட்டியை இலை மேல் வைத்து யாரோ அழுத்தியிருக்கிறார்கள். அழுத்தியது யார் என்று கேட்கவும் வேண்டியதில்லை. பாப்பாவின் முழுக்கைச் சட்டை மணிக்கட்டுப் பக்கம் சற்று மேலேறியிருந்தது. அங்கேயும் அதே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு.

"வெயில் பட்டிருக்கும்" என்றாள் லென்ஸம்மா. "ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்க."

பாப்பா தலையாட்டிவிட்டுப் போனாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல லென்ஸம்மாவுக்கு இருந்தது. டீச்சர் என்ற பெயரைக் கேட்டாலே தான் மறுபடி ஆறாம் வகுப்புப் பிள்ளையாகிவிடுகிறோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. அன்று மாலை அவள் ஒரு செம்பருத்திச் செடியிலிருந்த அத்தனை செதில் பூச்சியையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டி, செடியின் பட்டையையே உரித்துவிட்டாள்.

அடுத்த வாரம் பாப்பா வந்தபோது கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. லென்ஸம்மா கடைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு முக்காலியைப் போட்டாள். கேட்காமலேயே பாப்பா சொல்ல ஆரம்பித்தாள். டீச்சர் அவளுக்கு அக்கா. அக்காவுக்கு வீட்டில் பூச்சி என்றால் ஆகாது. தலையணையில் ஓர் எறும்பு ஊர்ந்தால் அன்றைக்கு அடி. சுவரில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அடி. செடியில் பூச்சி கண்டால் அயர்ன் பாக்ஸைச் சூடு பண்ணி இலையில் வைப்பார், பூச்சியைக் கொல்கிறேன் என்று. போன வாரம் பாப்பா இலையைக் கையால் மறைத்தாள். அதனால் கையிலும் பட்டது. இதையெல்லாம் அவள் பக்கத்து வீட்டுக் கதை சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"அக்கா மேலயும் தப்பு சொல்ல முடியாது. செடியைக் கொண்டுவந்தது நான்தானே. பூச்சி போயிடுச்சுன்னா எல்லாம் சரியாயிடும்."

லென்ஸம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நாளைக்குள் கொல்ல வேண்டும் என்று இவள் கெஞ்சியது செடிக்காக இல்லை. ஒவ்வொரு பூச்சிக்கும் ஓர் அடி. முட்டையில் இருப்பதெல்லாம் இனிமேல் விழப்போகிற அடி.

போலீசுக்குப் போகலாம் என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, எல்லாத் தொட்டியையும் இங்கே கொண்டுவாருங்கள் என்றாள். பிறகு மூன்று வாரம் அந்தக் கடையில் நடந்தது படுகொலைதான். பாப்பா பையில் ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கி வந்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கணுக் கணுவாக ஸ்பிரிட் வைத்தார்கள். மணி பிளான்ட்டைத் தொட்டியோடு கவிழ்த்து உதறினால் வேரிலும் வெள்ளை அப்பியிருந்தது. மண்ணைக் கொட்டி, வேரைக் குழாயடியில் அலசி, அழுகியதை வெட்டிப் புதுமண்ணில் வைத்தார்கள். இலைக்கடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டினால் தூசி மாதிரி விழுந்து, அந்தத் தூசி நடந்தது. சிலந்திப்பேன். பாப்பா தாளின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி இழுத்தாள். சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அவள் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இன்னொரு இலையைத் தட்டினாள்.

"உங்களுக்குக் கோவமே வராதாக்கா?" என்று லென்ஸம்மா கேட்டாள்.

"வந்து என்ன பண்றது?" என்றாள் பாப்பா, அடுத்ததையும் நசுக்கிக்கொண்டே.

நாலாவது வாரம் பதினொரு தொட்டியிலும் ஒரு பூச்சிகூட இல்லை. வீட்டிலிருந்த பெரிய ரப்பர் செடியைப் பாப்பா தினமும் இலை இலையாகத் துடைத்திருந்தாள். அன்று அவள் சிரித்தபோது முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்ததை லென்ஸம்மா முதல் தடவையாகப் பார்த்தாள். எதற்கும் அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. புதனும் வரவில்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு லென்ஸம்மா கடையைப் பூட்டிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தாள். பச்சை கேட்டின் கொக்கியை இடது கையின் கோண விரலால் தள்ளினாள். உள்ளேயிருந்து மண் தொட்டி உடையும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. கூடத்தில் தரை முழுக்க மண். குரோட்டன்ஸ் வேரோடு கிடந்தது. சுவரோரம் ரப்பர் செடியைக் கட்டிப்பிடித்தபடி பாப்பா குந்தியிருந்தாள். காதோரம் ரத்தம் வழிந்து சட்டைக் காலரில் ஊறியிருந்தது. டீச்சர் அவளுக்கு எதிரே நின்றார். அறுபத்து நாலு வயது, நேரான முதுகு, வெளுத்த உடை, வாரிக் கட்டின தலைமுடி. ஒரு கையில் அயர்ன் பாக்ஸ். அதன் வயர் சுவர் பிளக்கிலிருந்து விறைப்பாக நீண்டிருந்தது. இன்னொரு கையால் தொட்டி மண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வா" என்றார் டீச்சர், வகுப்புக்குத் தாமதமாக வந்தவளைக் கூப்பிடுவதுபோல. "நீதானே இவளுக்கு வைத்தியம் பாக்குறவ? ஒண்ணுமே இல்ல, எல்லாம் செத்துப்போச்சுன்னு சொன்னாளே, இது என்ன?"

மண்ணின் மேல் வெள்ளையாக ஏழெட்டுப் புள்ளிகள் இருந்தன. லென்ஸம்மா குனிந்தாள். பழக்கத்தில் கை தானாகப் பூதக்கண்ணாடியை எடுத்தது. ஒன்றை எடுத்து விரலில் உருட்டினாள். சொரசொரப்பாக, கனமே இல்லாமல் இருந்தது.

"இது பூச்சி இல்ல டீச்சர். மண்ணு இறுகாம இருக்க நான்தான் கலந்து குடுத்தேன். பெர்லைட்டுன்னு ஒரு பொரிஞ்ச கல்லு, அவ்வளவுதான்."

"எனக்கே பாடம் எடுக்குறியா?"

அறை கன்னத்தில் விழுந்தபோது லென்ஸம்மாவின் காது அடைத்துக்கொண்டது. முப்பது வருடத்தில் அந்தக் கை கொஞ்சமும் தளரவில்லை. அவள் பின்னால் சாய்ந்து, உடைந்த தொட்டி ஓட்டின் மேல் உட்கார்ந்தாள். அது தொடையில் ஏறியது. டீச்சர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. குனிந்து தங்கையின் தலைமுடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். அயர்ன் பாக்ஸ் பாப்பாவின் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தது. பாப்பா கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, செடியைப் பிடித்திருந்த கையை மட்டும் இறுக்கினாள்.

லென்ஸம்மா எழுந்தது அவளுக்கே தெரியாது. கைக்குக் கிடைத்தது மணி பிளான்ட் ஏறுவதற்காக அவளே கட்டிக் கொடுத்த கம்பு. தேங்காய் நார் சுற்றிய, மூன்றடி நீளக் கனமான மரம். அதை இரண்டு கையாலும் ஓங்கி டீச்சரின் மணிக்கட்டில் இறக்கினாள். பச்சைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அயர்ன் பாக்ஸ் மண்ணில் விழுந்து புகைந்தது. டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். லென்ஸம்மா மறுபடி ஓங்கினாள். இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவது தலையை நோக்கி ஓங்கப்பட்டது.

கம்பு இறங்கவில்லை. பாப்பா எழுந்து அதன் மறுமுனையைப் பிடித்திருந்தாள்.

"போதும்மா" என்றாள். "செத்துடுவாங்க."

லென்ஸம்மா கம்பை விட்டாள். வாய்க்குள் உப்புக் கரித்தது. டீச்சர் தரையிலிருந்து நிமிர்ந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, நீ எந்த வருடம், எந்தப் பிரிவில் படித்தவள் என்று கேட்டார். லென்ஸம்மா குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

அன்று பிற்பகலுக்குள் தெரு இரண்டாகிவிட்டது. இரண்டு என்று சொல்வதே தப்பு. ஒரு பக்கம் தெரு முழுக்க, இன்னொரு பக்கம் லென்ஸம்மா. வயதான பெண்மணியின் கையை முறித்த செடிக்காரி என்று பேச்சு பரவியது. வங்கி மேனேஜர் கடை வாசலில் வந்து நின்று, அவள் குடும்பத்தையே இழுத்துப் பேசிவிட்டு, வாசலில் இருந்த கற்றாழைத் தொட்டியை உதைத்துத் தள்ளினார். யாரோ எறிந்த கல்லில் கண்ணாடிக் கதவு விரிசல் விட்டது. லென்ஸம்மா உள்ளே உட்கார்ந்து தொடையில் போட்ட தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவல் நிலையத்தில் வேற்றூரிலிருந்து புதிதாக வந்த பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். டீச்சரின் புகார் மேஜையில் இருந்தது: வீடு புகுந்து தாக்கினாள். தாக்கினாயா என்று கேட்டதற்கு, ஆமாம், இரண்டு அடி, முதல் அடிக்குக் காரணம் இருந்தது, இரண்டாவதுக்கு இல்லை என்று லென்ஸம்மா சொன்னாள். இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு பாப்பாவிடம் திரும்பி, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள் என்றார்.

பாப்பா மேஜையிலிருந்த புகாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு எதிராக இவள் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டாள், தான் உள்ளே போகப் போவது உறுதி என்று லென்ஸம்மா நினைத்தாள். அப்போது பாப்பா முழுக்கைச் சட்டையின் பொத்தானை அவிழ்த்து, கையை மேலே சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை இடமில்லாமல் தழும்பு. பழசு வெளுத்து, அதன் மேல் புதுசு சிவந்து, கூர்மூக்கு ஒன்றின் மேல் ஒன்றாக.

"அம்மா செத்ததுலேர்ந்து" என்றாள். "இது செடி வர்றதுக்கு முன்னாடி பட்டது. இது மட்டும்தான் செடிக்கு."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனும் டீச்சரிடம் படித்தவன்தான்.

வழக்கு இரண்டு பக்கமும் பதிவானது. அது ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் டீச்சர் தங்கையை நெருங்குவதில்லை என்று எழுதிக் கொடுத்தார், லென்ஸம்மாவுக்கு அபராதத்தோடு போயிற்று. அதெல்லாம் பின்னால். அன்று சாயங்காலம் பாப்பா ரப்பர் செடியோடு கடையின் பின்னறைக்கு வந்துவிட்டாள். வேறு எதையும் வீட்டிலிருந்து எடுத்து வரவில்லை.

அவள் காதோரக் காயத்துக்கு மருந்து வைத்துக்கொண்டே லென்ஸம்மா அந்த இலை விஷயத்தைச் சொன்னாள். வெயில் இல்லை என்று அன்றைக்கே தனக்குத் தெரியும், பயந்துபோய்ப் பொய் சொன்னேன் என்றாள்.

"தெரியும்" என்றாள் பாப்பா. "நீங்க பூதக்கண்ணாடியை எடுக்கலையே. அன்னிக்கு நீங்க வெயில்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதை நினைச்சாத்தான் இப்போ கோவம் வருது. உங்க மேலயும், என் மேலயும்."

அவள் லென்ஸம்மாவின் கையிலிருந்து மருந்தை வாங்கி மீதிக் காயத்துக்குத் தானே வைத்துக்கொண்டாள்.

டீச்சர் எழுதிக் கொடுப்பதற்கு அப்போது இன்னும் வெகுநாள் இருந்தது. டீச்சரின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. இடது கையால் ஒரு கவளம் எடுக்க வராது. அவரை நினைத்து மேடையில் கண் கலங்கியவர்கள் பழக்கூடையோடு இரண்டு நாள் வந்தார்கள், மூன்றாம் நாள் வரவில்லை. சாப்பாடு ஊட்ட ஆள் இல்லை என்று தெரிந்ததும் பாப்பா கிளம்பினாள். லென்ஸம்மா கத்தினாள். உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டாள். முதல் முறையாக நீ என்று சொன்னாள். பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, பட்டினி போட என்னால் முடியாதும்மா என்றாள்.

ஒன்பது நாள் மத்தியானத்தில் போய் ஊட்டினாள். டீச்சர் ஒரு வார்த்தை பேசாமல் வாயைத் திறந்து மூடினாராம். பத்தாம் நாள் சாதத்தில் ஒரு சீரகம் கிடந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். பூச்சி என்றார். சீரகம் அக்கா, என்று பாப்பா எடுத்துக் காட்டினாள். டீச்சர் இடது கையால் கொதிக்கிற தண்ணீர்க் குவளையை எடுத்து அவள் முகத்தில் வீசினார். பழக்கமில்லாத கை. குறி தவறித் தண்ணீர் சுவரில் அடித்தது, சிதறியது பாப்பாவின் கழுத்தில் பட்டது.

பாப்பா தட்டைக் கீழே வைத்தாள். கழுத்தைக் குழாயடியில் காட்டினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு கூடத்துக்கு வந்து, இதுவரைக்கும் பார்த்துப் பேசியிராத அக்காவின் கண்ணை அன்றைக்கு நேராகப் பார்த்தாள்.

"நாளைலேர்ந்து ஒரு ஆள் வருவா. அவளை அடிச்சீங்கன்னா அவ திருப்பி அடிப்பா. நான் சொல்லித்தான் அனுப்புவேன்."

டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பாப்பா என்று இல்லை, பள்ளிப் பதிவேட்டில் இருக்கிற முழுப்பேரை, வருகை எடுக்கிற குரலில். பாப்பா கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

மருத்துவமனையில் ஆயாவாக இருந்த, தோள் அகன்ற ஒரு பெண் மறுநாள் முதல் அங்கே போனாள். முதல் நாளே ஏதோ நடந்தது என்றும், அதற்கப்புறம் நடக்கவில்லை என்றும் தெருவில் பேசிக்கொண்டார்கள். பாப்பா விசாரிக்கவில்லை. அக்கா வீட்டிலிருந்து திரும்பிய அன்று மத்தியானமே அவள் கழுத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு பின்னறைக் கட்டிலில் படுத்தவள், கடையில் ஆட்கள் வந்து போகிற சத்தத்துக்கு நடுவே, சாயங்காலம் ஐந்து மணிவரைக்கும் புரண்டுகூடப் படுக்காமல் தூங்கினாள். லென்ஸம்மா இரண்டு தடவை வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.